பிளக் பாயின்ட் இல்லாத காடு

அமெரிக்காவில் அதிகம் பேர் போய்வரும் தேசியப் பூங்கா எது என்று கேட்டால் பலரும் யெல்லோஸ்டோன் என்பார்கள், இல்லாவிட்டால் கிராண்ட் கேன்யன் என்பார்கள். உண்மையில் முதலிடம் கிரேட் ஸ்மோக்கி மலைகளுக்குத்தான். டென்னசியும் வட கரோலினாவும் சந்திக்கும் எல்லையில் கிடக்கும் இந்த மலைக்காட்டில் 2023-ஆம் ஆண்டு மட்டும் ஏறத்தாழ 1.3 கோடி வருகைகள் பதிவாயின. ஆனால் காரில் போய் இறங்கி அறை எடுத்துத் தங்க பூங்காவுக்குள் ஒரு ஓட்டல்கூடக் கிடையாது. மலைமேல் லெகான்ட் லாட்ஜ் என்று ஒன்று உண்டு. அதற்கு நடந்தே ஏறவேண்டும். மற்றபடி, காட்டுக்குள் இரவைக் கழிக்க ஆசைப்படுபவர் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு போகவேண்டும், அல்லது வீட்டையே ஓட்டிக்கொண்டு போகவேண்டும்.

ஓட்டிக்கொண்டு போகும் வீட்டைத்தான் அமெரிக்கர்கள் ஆர்.வி. என்கிறார்கள். சினிமா படப்பிடிப்பில் நடிகர்களுக்காக நிற்கும் கேரவனைப் பார்த்தவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. படுக்கை, அடுப்பு, பிரிட்ஜ், கழிவறை, ஷவர் எல்லாம் சக்கரத்தின்மேல் ஏறியிருக்கும். பேருந்து அளவுக்குப் பெரியது ஒரு வகை. வேனை மாற்றிக் கட்டியது இன்னொன்று. பிக்கப் டிரக்கின் பின்னால் கொக்கி போட்டு இழுத்துச் செல்லும் டிரெய்லர்கள்தான் சாலையில் அதிகம் கண்ணில் படும். இண்டியானா மாநிலத்தின் எல்க்கார்ட் நகரமும் சுற்றுவட்டாரமும் இந்தத் தொழிலை நம்பியே வாழ்கின்றன, நாட்டின் ஆர்.வி.களில் பெரும்பங்கு அங்கிருந்துதான் புறப்படுகிறது.

இந்த வண்டிகளின் வசதியெல்லாம் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. தனியார் முகாம்களில் ஒவ்வொரு வண்டிக்கும் மின்சார இணைப்பு, குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய் மூன்றும் தருவார்கள். செருகிவிட்டால் வீடுதான். ஸ்மோக்கியின் பூங்கா முகாம்களில் இந்த மூன்றும் பொதுவாகக் கிடையாது. பூங்காவுக்குள் காரில் போய்ச் சேரக்கூடிய முகாம்கள் பத்து இருக்கின்றன. அவற்றில் 200-க்கும் மேற்பட்ட இடங்களோடு மிகப் பெரியது எல்க்மான்ட். அங்கேயும் பொதுக் கழிவறை உண்டு, குழாயில் குளிர்ந்த தண்ணீர் உண்டு. குளிக்க ஷவர் இல்லை. ஆக, லட்சக்கணக்கான டாலர் வண்டியில் வந்தவரும் தொட்டியில் இருக்கும் தண்ணீரை அளந்துதான் செலவழிக்கவேண்டும். விளக்குக்கும் தண்ணீர் பம்புக்கும் பேட்டரி, அடுப்புக்கும் பல வண்டிகளில் பிரிட்ஜுக்கும் எரிவாயு. ஏ.சி. வேண்டுமென்றால் ஜெனரேட்டரை முடுக்கவேண்டும். அதுவும் இரவு எட்டு மணிக்குள் நின்றுவிட வேண்டும். பத்து மணிக்குமேல் சத்தமே கூடாது.

முதல்முறை ஆர்.வி. வாடகைக்கு எடுப்பவர்களை மிரட்டுவது கழிவுத் தொட்டிதான். வண்டிக்கு அடியில் மூன்று தொட்டிகள் இருக்கும்: ஒன்றில் நல்ல தண்ணீர், ஒன்றில் பாத்திரம் கழுவிய, குளித்த தண்ணீர், மூன்றாவதில் கழிவறைக் கழிவு. நிரம்பியதும் அதற்கென்று ஒதுக்கிய இடத்துக்கு வண்டியை ஓட்டிப்போய், கையுறை மாட்டி, தடித்த குழாயைப் பொருத்தித் திறந்துவிட வேண்டும். முதலில் கழிவறைத் தொட்டி, பிறகு மற்றது. பாத்திரம் கழுவிய தண்ணீர் கடைசியில் வந்தால் குழாயைக் கொஞ்சம் அலசிவிடும் என்பது காரணம். எல்க்மான்ட் முகாமுக்குள் இந்த வசதியும் இல்லை. சுகர்லாண்ட்ஸ் பார்வையாளர் மையத்துப் பக்கம் போகவேண்டும். உல்லாசப் பயண விளம்பரங்களில் இந்தக் காட்சி மட்டும் வருவதே இல்லை.

சாலையும் ஒரு சங்கதி. எல்க்மான்ட்டுக்குப் போகும் லிட்டில் ரிவர் சாலை, ஆற்றோடு ஒட்டி வளைந்து வளைந்து போகும். ஒரு காலத்தில் வெட்டிய மரங்களை ஏற்றிய ரயில் ஓடிய தடத்தின்மேல் போட்ட சாலை அது. ரோரிங் ஃபோர்க் போன்ற குறுகிய மலைப்பாதைகளில் ஆர்.வி.க்கும் டிரெய்லருக்கும் அனுமதியே கிடையாது. பிக் கிரீக் முகாமில் கூடாரம் மட்டும்தான். எந்த முகாம் எத்தனை அடி வண்டியை ஏற்கும் என்று பார்க்காமல் நீள வண்டியைப் பதிவு செய்துவிட்டு வருபவர்கள் திரும்ப வழி தெரியாமல் திண்டாடுவார்கள்.

முகாமின் அமைப்பைக் கூர்ந்து பார்த்தால் அது தானாக உருவான இடமல்ல என்பது தெரியும். ஒரே திசையில் சுற்றிவரும் சாலை. அதிலிருந்து கிளை பிரிந்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் வண்டி நிறுத்த ஒரு துண்டு இடம். அதை ஒட்டி அசையாத மேசை, நெருப்பு மூட்ட இரும்பு வளையம், கூடாரம் போடச் சமன்செய்த தரை. நடுவே மரங்கள் திரைபோல நிற்கும். அமெரிக்கா முழுவதும் பரவியிருக்கும் இந்த வடிவத்துக்குச் சொந்தக்காரர் கட்டடக் கலைஞர் அல்ல, ஒரு தாவர நோயியல் அறிஞர். பெயர் எமிலியோ மைனெக்கி. 1920-களில் கார் மலிவானதும் மக்கள் காடுகளுக்குள் நினைத்த இடத்தில் வண்டியை விட்டுக் கூடாரம் அடித்தார்கள். கலிபோர்னியாவின் ரெட்வுட் பெருங்காடுகளை ஆராய்ந்த மைனெக்கி, சக்கரமும் காலும் மிதித்து இறுகிய மண்ணில் வேர்கள் நலிவதைக் கண்டார். வண்டி ஓடும் இடத்தையும் ஆள் நடக்கும் இடத்தையும் வரையறுத்துவிட்டால் மற்ற மண் பிழைக்கும் என்பது அவர் கணக்கு. 1930-களின் தொடக்கத்தில் அவர் எழுதிய பரிந்துரைகளை ரூஸ்வெல்ட் காலத்து வேலைவாய்ப்புப் படையான சி.சி.சி. இளைஞர்கள் நாடெங்கும் மண்ணில் இறக்கினார்கள். "கூடாரம் இந்தச் சதுரத்துக்குள்தான் இருக்கவேண்டும்" என்று காவலர் வந்து சொல்லும்போது எரிச்சல் வருவது இயல்பு. அந்தச் சதுரம் இல்லாவிட்டால் தலைக்குமேல் நிழலும் இருந்திருக்காது.

அடுத்தது கரடி. பூங்காவில் கருங்கரடிகள் ஆயிரத்துக்கும் மேல் உண்டு. 50 கஜத்துக்குள் வேண்டுமென்றே நெருங்கினால் குற்றம். 5,000 டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கலாம். ஆனால் முகாமில் தங்குபவருக்கு இதைவிட முக்கியமான சட்டம் சாப்பாட்டைப் பற்றியது. உண்ணாத நேரத்தில் உணவு எதுவும் வெளியே இருக்கக் கூடாது. காருக்குள், அல்லது கெட்டிச் சுவர் கொண்ட ஆர்.வி.க்குள் பூட்டி வைக்கவேண்டும். உணவு என்றால் உணவு மட்டுமா? பற்பசை, சோப்பு, முகத்துக்குப் பூசும் கிரீம், காலியான ஐஸ் பெட்டி, எண்ணெய் படிந்த வாணலி எல்லாமே கரடியின் மூக்குக்குச் சாப்பாடுதான். அட்லாண்டாவிலிருந்து நாலு மணி நேரத்தில் வந்துவிடலாம் என்பதால் தென்மாநிலங்களில் வாழும் இந்தியக் குடும்பங்களும் இங்கே நிறையவே வருகின்றன. எலுமிச்சைச் சாதமும் ஊறுகாயும் கூடாரத்துக்குள் தலைமாட்டில் இருந்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

இந்தக் கெடுபிடி மனிதரைக் காப்பதற்கு என்று நினைக்கத் தோன்றும். பாதிதான் சரி. முகாமில் ஒருமுறை தின்பண்டம் ருசித்த கரடி மறுபடி வரும், பகலிலும் வரும், பயம் விட்டுப்போகும். அதைப் பிடித்து வேறு மலையில் விடுவார்கள். திரும்பவும் வந்து ஆட்களைச் சீண்ட ஆரம்பித்தால் கொல்லவேண்டியிருக்கும். யாரோ ஒருவர் மேசையில் விட்டுப்போன சிப்ஸ் பொட்டலத்துக்குக் கரடி உயிரைக் கொடுக்கிறது.

விறகுக்கும் சட்டம் உண்டு. 2015 மார்ச் முதல், வெப்பமூட்டிச் சான்று பெற்ற விறகைத் தவிர வேறு விறகை வெளியிலிருந்து கொண்டுவரக் கூடாது. பட்டைக்கு அடியில் ஒளிந்திருக்கும் புழு, விறகுக் கட்டோடு காரில் ஏறிப் புதுக் காட்டில் இறங்கிவிடும் என்பதுதான் அச்சம். ஆசியாவிலிருந்து வந்து, 2002-இல் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்ட மரகத நிற வண்டு, கோடிக்கணக்கான ஆஷ் மரங்களை அழித்தபடி பரவியது, ஸ்மோக்கியையும் விடவில்லை. அதே 2002-இல் ஹெம்லாக் மரத்தின் சாற்றை உறிஞ்சும் வெள்ளைப் பூச்சி ஒன்றும் பூங்காவுக்குள் கண்டறியப்பட்டது. அதற்கும் முன்னால், இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில், வெளிநாட்டுப் பூஞ்சை ஒன்று இந்த மலைகளின் செஸ்ட்நட் மரங்களை ஏறக்குறையத் துடைத்தெடுத்தது. முகாம் நெருப்புக்குப் பூங்காவிலேயே விழுந்து காய்ந்து கிடக்கும் சுள்ளியைப் பொறுக்கிக்கொள்ளலாம். நிற்கும் மரத்தில் கத்தி படக் கூடாது.

இத்தனை பாதுகாப்பும் ஒரு கன்னிக் காட்டுக்கு என்று எண்ணிவிடக் கூடாது. எல்க்மான்ட் ஒரு காலத்தில் மரம் வெட்டும் ஊர். லிட்டில் ரிவர் மரக் கம்பெனி ரயில் போட்டு, மலைச்சரிவை மொட்டையடித்து, மரத்தைக் கீழே இறக்கியது. 1926-இல் 76,000 ஏக்கருக்குமேல் பூங்காவுக்காக டென்னசிக்கு விற்றபோதும், மேலும் பதினைந்து ஆண்டு வெட்டிக்கொள்ளும் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டது. 1930-களின் இறுதிவரை ரம்பம் ஓய்வெடுக்கவில்லை. இன்று கூடாரத்துக்குமேல் கவிந்து நிற்கும் மரங்களில் பெரும்பாலானவை அந்த வெட்டுக்குப் பிறகு முளைத்தவை. அதற்கும் முன்னால் இந்த மலைகள் செரோக்கி மக்களுடையவை. 1838-இல் அவர்களில் பெரும்பாலோரை ராணுவம் மேற்கே துரத்தியது. பூங்காவுக்காக நிலம் திரட்டியபோது வெள்ளைக்கார மலைக்குடியானவர்களும் வீடு வாசலை விட்டார்கள். ஆயிரக்கணக்கான துண்டு நிலங்களை வாங்கவேண்டியிருந்தது. மாநிலங்கள் பணம் போட்டன, பள்ளிப் பிள்ளைகள் சில்லறை கொடுத்தார்கள், இளைய ராக்ஃபெல்லர் 50 லட்சம் டாலர் தந்தார். 1934-இல் பூங்கா உருவானது.

அந்தப் பூங்காவுக்காக எழுதி எழுதி ஆதரவு திரட்டியவர்களில் ஒருவர் ஹோரஸ் கெப்ஹார்ட். செயின்ட் லூயிஸ் நகரத்து நூலகர். குடியும் மனமுறிவும் சேர்ந்து வாழ்க்கை உடைந்துபோக, மனைவியையும் ஆறு பிள்ளைகளையும் பிரிந்து 1904-இல் இந்த மலைகளுக்கு வந்தார். 1906-இல் அவர் வெளியிட்ட முகாம் கலைப் புத்தகம் பல பதிப்புகள் கண்டது. கூடாரம் தேர்வதிலிருந்து நெருப்பு மூட்டுவதுவரை அதில் இல்லாதது கொஞ்சம். கெப்ஹார்ட் குடும்பத்துக்குச் செய்ததை யாரும் மெச்ச முடியாது. ஆனால் காட்டில் தங்குவதைக் கற்றுக்கொள்ள வேண்டிய கைத்தொழிலாக மதித்து எழுதியவர் அவர். 1931-இல் கார் விபத்தில் இறந்தார். பூங்கா பிறந்ததை அவர் பார்க்கவில்லை. கெப்ஹார்ட் மலை என்று ஒரு சிகரம் அங்கே நிற்கிறது.

எல்க்மான்ட்டில் இடம் கிடைப்பது மிகக் கடினமான நாட்கள் மே இறுதியும் ஜூன் முதல் பாதியும். காரணம், ஒரு மின்மினி. அங்கே வாழும் ஒரு வகையின் ஆண் பூச்சிகள் சேர்ந்தாற்போல் ஐந்திலிருந்து எட்டு முறை மின்னி, சேர்ந்தாற்போல் அணையும், சுமார் எட்டு விநாடி காடு முழுக்க இருட்டு, மறுபடி ஒளி. தென்கிழக்கு ஆசியாவில்தான் இப்படி நடக்கும் என்று விஞ்ஞானிகள் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், சிறுவயதிலிருந்து எல்க்மான்ட் விடுமுறை வீட்டில் இதைப் பார்த்து வளர்ந்த லின் ஃபாஸ்ட் என்ற பெண், 1990-களில் அவர்களுக்குக் கடிதம் எழுதினார். வந்து பார்த்தவர்கள் வியந்துபோனார்கள். இப்போது கூட்டத்தைக் கட்டுப்படுத்த, ஒளி உச்சத்தில் இருக்கும் ஒரு வாரத்துக்குச் சற்றே கூடுதலான நாட்களுக்குக் குலுக்கல் முறையில்தான் கார்களை அனுமதிக்கிறார்கள். எல்க்மான்ட் முகாமில் ஏற்கெனவே இடம் பிடித்தவர்கள் குலுக்கலுக்கு நிற்க வேண்டியதில்லை. நடந்து போய்ப் பார்க்கலாம். டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றி, தரையை நோக்கிப் பிடிக்கவேண்டும்.

கூடாரமா, ஆர்.வி.யா என்பதில் பணம் பாதி முடிவு செய்யும், மழை மீதியை. பள்ளத்தாக்குகளில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர், உச்சிகளில் 2,100-க்கும் மேல் பெய்யும் மலை இது. கூடாரத்தின் மேல்துணி இழுத்துக் கட்டப்பட்டிருக்க வேண்டும்; அடித்துணி கூடாரத்தைவிட ஓரங்குலம்கூட வெளியே நீளக் கூடாது, நீண்டால் ஓடும் தண்ணீரை உள்ளே ஏந்திக்கொடுக்கும். கோடையில்கூட மேலே ஏறினால் குளிரும்: செரோக்கிப் பெயரான குவோஹி என்று 2024-இல் மறுபடி அழைக்கப்படத் தொடங்கிய 6,643 அடி உச்சிக்கும் அடிவாரத்துக்கும் பத்து டிகிரி செல்சியஸ் வரை வித்தியாசம் இருக்கும். சிறு பிள்ளைகளோடு முதல்முறை போகிறவர்கள் ஆர்.வி. வாங்கும் யோசனையை ஒதுக்கிவைத்து, ஒரு வார இறுதி கூடாரத்தில் தங்கிப் பார்ப்பது புத்திசாலித்தனம். பிடிக்காவிட்டால் நஷ்டம் சிறியது.

நுழைவுக் கட்டணம் இல்லை. பூங்காவைக் கடக்கும் நியூஃபவுண்ட் கேப் சாலையை ஒப்படைத்தபோது சுங்கம் வசூலிக்கவே கூடாது என்று டென்னசி நிபந்தனை போட்டிருந்தது. ஆனால் 2023 மார்ச் முதல், 15 நிமிடத்துக்குமேல் வண்டியை நிறுத்த வில்லை வாங்கவேண்டும்: நாளுக்கு 5 டாலர், வாரத்துக்கு 15, ஆண்டுக்கு 40. முகாம் இடங்களுக்கான பதிவு ஆறு மாதத்துக்கு முன்பே இணையத்தில் திறக்கும். 2024 செப்டம்பரில் வீசிய ஹெலீன் புயலால் வட கரோலினாப் பக்கச் சாலைகளும் முகாம்களும் சேதமடைந்தன. அந்தப் பக்கம் போகிறவர்கள் முகாம் திறந்திருக்கிறதா என்று முதலில் உறுதிசெய்துகொள்ளவும். இலை நிறம் மாறும் அக்டோபர் வார இறுதிதான் வேண்டும் என்பவர்கள் ஏப்ரலிலேயே கணினி முன் உட்காரவேண்டும்.