சொத்தையைப் பூட்டி வைக்கும் வைத்தியம்

வாசகி ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். ஆறு வயது மகனுக்குக் கடைவாய்ப் பால் பல்லில் சொத்தை. பல் டாக்டரிடம் அழைத்துப் போனால் ஊசி போடவில்லை, டிரில்லைத் தொடவில்லை, சொத்தையைச் சுரண்டக்கூட இல்லை. பல்லின் மேல் ஒரு ஸ்டீல் கேப்பை வைத்து, “நல்லாக் கடிடா தம்பி” என்று பையனையே கடிக்கச் சொல்லி, சில நிமிடங்களில் அனுப்பிவிட்டாராம். “கிருமியை உள்ளேயே வைத்து மூடிவிட்டுக் காசு வாங்குகிறார்களே, இது ஏமாற்று வேலை இல்லையா?” என்பது கேள்வி.

இல்லை. அதற்கு ஹால் முறை என்று பெயர். குழந்தைகளுக்கு ‘வலியே தெரியாத’ பல் சிகிச்சை என்று இப்போது விளம்பரமாகும் பலவற்றில் மாறியிருப்பது சுற்றுப்புறம் மட்டுமே. சுவரில் கார்ட்டூன், நாற்காலிக்கு மேலே டி.வி., ஸ்ட்ராபெரி வாசனையில் பசை. குழந்தையின் பயம் அவற்றால் குறையலாம், குறை சொல்லவில்லை. ஆனால் பல்லுக்குள் நடக்கும் வேலை பழைய வேலைதான். ஹால் முறையில் அந்த வேலையே வேறு.

சர்க்கரையைக் கிருமி அமிலமாக்குகிறது, அமிலம் பல்லைக் கரைக்கிறது என்பது பள்ளிக்கூடப் பாடம். பாடத்தில் அழுத்திச் சொல்லாத ஒன்று உண்டு. கிருமி இருக்கிறது என்பதற்காகப் பல் கரைவதில்லை, கிருமிக்குச் சாப்பாடு கிடைப்பதால் கரைகிறது. பிஸ்கட் வாய்க்குள் போன சில நிமிடங்களில் பல்லின் மேல் படிந்த கிருமிப் படலத்தின் பிஎச் அளவு 5.5-க்குக் கீழே இறங்கிவிடும். எனாமல் கரையத் தொடங்கும் எல்லை ஏறக்குறைய அதுதான். பிஸ்கட் வராவிட்டால் அதே கிருமி அங்கேயே சும்மா கிடக்கும்.

சொத்தைக் குழியைக் கல்யாண மண்டபமாக நினைத்துக்கொள்ளுங்கள். பந்தி ஓயாமல் நடக்கும்வரை கூட்டம் கலையாது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ், லாக்டோபேசில்லஸ் வகையறாதான் முதல் பந்திக்காரர்கள். இனிப்பு வந்ததும் வழித்துத் தின்றுவிட்டு அமிலத்தைத் துப்பிக்கொண்டிருப்பார்கள், மண்டபத்தின் சுவர் கரையும். பல் டாக்டர்கள் காலங்காலமாகச் செய்துவந்தது, உள்ளே புகுந்து கடைசி ஆள்வரை கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவது. அந்தத் தள்ளுமுள்ளில் நல்ல சுவரும் கொஞ்சம் இடியும். பால் பல்லில் சுவர் மெல்லியது, பல்லின் நடுவே உயிரோடிருக்கும் பற்கூழ் பக்கத்திலேயே இருக்கிறது, நாற்காலியில் இருப்பதோ அழுகிற குழந்தை. ஹால் முறை யாரையும் வெளியேற்றுவதில்லை. சமையற்காரரை வெளியே நிறுத்திவிட்டு வாசலைச் சாத்திவிடுகிறது.

உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் என்ன ஆகிறார்கள்? சொத்தையை மூடிவைத்து, சில மாதங்கள் கழித்துத் திறந்து பார்த்த ஆய்வு ஒன்று 2005-ல் லண்டனிலிருந்து வெளிவந்தது. கிருமிகள் முற்றிலும் அழிந்துவிடவில்லை. ஆனால் கூட்டம் சிறுத்திருந்தது, அதிலிருந்த வகைகளும் குறைந்திருந்தன. மிஞ்சியவை தனி ரகம். எனாமலுக்கு அடியிலிருக்கும் டென்டைனில் உள்ள நுண்குழாய்கள் வழியாகப் பற்கூழிலிருந்து ஒரு திரவம் கசிகிறது. அதில் புரதத்தோடு பின்னிக் கிடக்கும் சர்க்கரைத் துணுக்குகளை நொதியால் அறுத்தெடுக்கத் தெரிந்த கிருமிகளே தாக்குப்பிடித்தன. ஜிலேபிக்காக வந்தவர்கள் போய்ச் சேர்ந்தார்கள், சுவரில் கசியும் ஈரத்தை நக்கிப் பிழைக்கத் தெரிந்த நாலு பேர் மட்டும் மூலையில் முடங்கிக் கிடக்கிறார்கள். பழைய வேகத்தில் அமிலம் துப்ப அவர்களிடம் சரக்கு இல்லை.

மண்டபத்தின் சொந்தக்காரர் பின்கட்டில் செய்யும் வேலை இதைவிட அழகு. பற்கூழின் ஓரத்தில் ஓடோன்டோபிளாஸ்ட் என்ற செல்கள் வரிசையாக நிற்கின்றன. டென்டைனைக் கட்டிய கொத்தனார்கள் இவர்கள்தான். கட்டும்போதே டிஜிஎஃப்-பீட்டா போன்ற வளர்ச்சிக் காரணிகள் அதற்குள் சிறைப்பட்டுவிடுகின்றன. அமிலம் டென்டைனைக் கரைக்கும்போது அவை விடுபட்டுக் கொத்தனார்களை எட்டுகின்றன. உடனே அவர்கள் உள்பக்கமாகப் புதுச் சுவர் எழுப்பத் தொடங்குகிறார்கள். ஆள் அனுப்ப வேண்டியதில்லை, இடிகிற சுவரே சேதி சொல்லிவிடுகிறது. சிக்கல் என்னவென்றால் கொத்தனார் மெதுவான ஆள். தினமும் பந்தி நடந்தால் சுவர் எழும்புவதற்கு முன்பே அமிலம் பற்கூழை எட்டிவிடும். கேப் அவருக்கு வாங்கித் தருவது அவகாசம். (உவமையை இன்னும் இழுத்தால் தாம்பூலப் பை வரை போக வேண்டியிருக்கும். விட்டுவிடுகிறேன்.)

செய்முறை எளிது. பற்கள் நெருக்கமாக இருந்தால், இடுக்கில் சிறிய ரப்பர் வளையத்தைச் செருகி அனுப்புவார்கள். சில நாட்களில் பற்கள் மயிரிழை விலகி இடம் கொடுக்கும். வளையத்தை எடுத்துவிட்டு, தயாராகக் கிடைக்கும் ஸ்டீல் கேப்களில் சரியான அளவைத் தேர்ந்தெடுத்து, கண்ணாடி அயனோமர் சிமெண்டை நிரப்பிப் பல்லில் அமுக்குவார்கள். குழந்தை கடித்தால் கேப் தானாக இறங்கும். கேப் தவறித் தொண்டைக்குள் போய்விடாமல் இருக்கக் குழந்தையை நிமிர்த்தி உட்காரவைப்பார்கள், கேப்பில் பிளாஸ்டர் துண்டு ஒட்டிக்கொள்வதும் உண்டு. பல்லைச் செதுக்காததால் கேப் கொஞ்சம் உயர்ந்து நிற்கும். மற்றப் பற்கள் ஒன்றையொன்று தொடாது, அன்றைக்குச் சாப்பாடு சிரமம். தாய்மார்கள் பதறுவது இங்கேதான். சில வாரங்களில் கடி தானே சமனாகிவிடும். பால் பல் விழும்போது கேப்பும் சேர்ந்தே விழும்.

வரலாறு சொல்லாவிட்டால் ஆசிரியர் விடமாட்டார். சொத்தையைச் சுத்தமாக வழித்தெடுக்க வேண்டும் என்ற கட்டளை அமெரிக்கப் பல் டாக்டர் ஜி.வி. பிளாக் காலத்தது, நூறு ஆண்டுக்கும் மேல் பழையது. பால் பற்களுக்கு ஸ்டீல் கேப் 1950 முதல் இருக்கிறது. ஆனால் அதையும் ஊசி போட்டு, பல்லைச் செதுக்கித்தான் மாட்டினார்கள். ஸ்காட்லாந்தின் பல் டாக்டர் நார்னா ஹால் 1980-களின் இறுதியிலிருந்து எதையும் செதுக்காமல் மாட்டிக்கொண்டிருந்தார். அவர் மாட்டிய 978 கேப்களின் கணக்கு 2006-ல் பிரிட்டிஷ் பல் மருத்துவ இதழில் வெளியானது. அதுவரை இதைக் கேள்விப்பட்ட பேராசிரியர்கள் சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அடுத்து வெளிவந்த சோதனைதான் வாயை அடைத்தது. ஸ்காட்லாந்தில் 132 குழந்தைகள். ஒவ்வொரு குழந்தையின் வாயிலும் ஒரு சொத்தைப் பல்லுக்கு ஹால் முறை, இன்னொன்றுக்கு அக்குழந்தையின் டாக்டர் வழக்கமாகச் செய்யும் அடைப்பு. வாய் ஒன்று, துலக்குகிற லட்சணம் ஒன்று, தின்கிற மிட்டாயும் ஒன்று. ஐந்து ஆண்டு முடிவுகள் 2011-ல் வந்தன. சீழ் பிடித்தல், பற்கூழ் வீக்கம் போன்ற பெரிய தோல்விகள் கேப் போட்ட பற்களில் 3 சதவீதம், அடைத்த பற்களில் 16.5 சதவீதம்.

இதைப் படித்துவிட்டு ‘டிரில்லுக்கு விடை’ என்று தலைப்புப் போடக் கிளம்புகிறவர்கள் 2020-ல் வந்த பிரிட்டன் ஆய்வையும் படிக்க வேண்டும். ஏற்கெனவே சொத்தை இருந்த 3 முதல் 7 வயது வரையான 1,144 குழந்தைகள் மூன்று பிரிவுகளானார்கள். வழக்கமான அடைப்பு, சொத்தையை மூடிவைப்பது, சொத்தையில் கைவைக்காமல் தடுப்பு முயற்சிகள் மட்டும். சராசரியாக மூன்று ஆண்டுக்குச் சற்றுக் குறைவாகக் கண்காணித்தார்கள். மூன்று பிரிவிலும் ஏறத்தாழ பத்தில் நான்கு குழந்தைகளுக்குப் பல்வலியோ சீழோ வந்தது, பிரிவுகளுக்கிடையே சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இல்லை. கேப் ஒரு பல்லைக் காப்பாற்றும். பக்கத்துப் பல்லின் பந்திக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ராத்திரி வாயில் பால் புட்டியோடு குழந்தை தூங்குகிற வீட்டில் அடுத்த பல் வரிசையில் காத்திருக்கும்.

முன்பற்களுக்கு இந்த ஸ்டீல் கேப் ஆகாது. அங்கே சில்வர் டயமைன் ஃபுளோரைடு என்ற திரவத்தைத் தொட்டு வைக்கிறார்கள். ஜப்பானில் அரை நூற்றாண்டாகப் புழக்கத்தில் உள்ளது, உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2021-ல் இடம்பிடித்தது. வெள்ளி கிருமியைக் கொல்கிறது, ஃபுளோரைடு பல்லை இறுக்குகிறது, வலி கிடையாது. சொத்தை இருந்த இடம் மட்டும் கன்னங்கரேல் என்று ஆகிவிடும். விளம்பரத்தில் இந்தப் படத்தைப் போடமாட்டார்கள்.

வாசகி டாக்டரிடம் கேட்க வேண்டியது வேறு. கேப் போடுமுன் எக்ஸ்ரே எடுத்தாரா? அதில் சொத்தைக்கும் பற்கூழுக்கும் நடுவே நல்ல டென்டைன் ஒரு பட்டையாகத் தெரிந்ததா? பையனுக்கு ராத்திரியில் தானாக வலி வந்து எழுந்ததுண்டா, ஈறில் கொப்புளம் உண்டா என்று விசாரித்தாரா? தானாக வரும் வலி, கொப்புளம், வீக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் கிருமி பற்கூழுக்குள் போய்விட்டது என்று அர்த்தம், பட்டினி போடும் காலம் தாண்டிவிட்டது. அந்தப் பல்லுக்குப் பற்கூழ் சிகிச்சை வேண்டும், அல்லது பிடுங்க வேண்டும். அதைச் செய்யாமல் கேப் மட்டும் மாட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து வந்துவிடலாம்.