கியர் விழ மாட்டேங்குதா? எண்ணெய்க் கலவையும் நம் கியர் பாக்ஸும்

"அண்ணே, செகண்டு கியர் விழ மாட்டேங்குது!"

இந்தக் குரல் கேட்காத ஒர்க்‌ஷாப் நம் தமிழ்நாட்டில் உண்டா நண்பர்களே? அடுத்த நிமிஷமே வைத்தியமும் வந்துவிடும். "ஆயில் தண்ணியாப் போச்சு, கொஞ்சம் கட்டி ஆயில் கலந்து ஊத்து" என்பார் ஒருவர். "அதெல்லாம் இல்லப்பா, மெல்லிசு ஆயில் கலந்தா வெண்ணெய் மாதிரி விழும்" என்பார் இன்னொருவர். மூன்றாவது ஆள் கடையில் விற்கிற ஒரு சின்னப் பாட்டிலை நீட்டுவார். மூவரும் அனுபவசாலிகள்தான். மூவர் சொன்னதும் ஏதோ ஒரு வண்டியில் பலித்துத்தான் இருக்கும். எந்த வண்டியில் பலிக்கும், எதில் கவிழ்த்துவிடும் என்பதை நான் படித்த அளவுக்கும் பார்த்த அளவுக்கும் இந்த மலரில் எழுதுகிறேன்.

முதலில் கியர் எப்படி விழுகிறது என்று பார்த்துவிடுவோம். ஓடுகிற பஸ்ஸில் ஏறுகிறவன் என்ன செய்கிறான்? பஸ் வேகத்துக்குக் கொஞ்ச தூரம் கூடவே ஓடி, அப்புறம்தான் கம்பியைப் பிடிக்கிறான். கியரும் அப்படித்தான். சுற்றுகிற இரண்டு பாகங்கள் ஒரே வேகத்துக்கு வந்தால்தான் பற்கள் ஒன்றோடொன்று சேரும். அந்தக் காலத்து லாரிகளில் இந்த வேகத்தை டிரைவரே காலால் சரிசெய்ய வேண்டும். 'டபுள் கிளட்ச்' என்று பழைய டிரைவர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வது அதைத்தான். 1928-இல் அமெரிக்காவில் காடிலாக் கார்களில் சிங்க்ரோமெஷ் வந்தது. அதன்பிறகு அந்த வேலையை ஒரு சின்ன வளையம் எடுத்துக்கொண்டது. அதுதான் சிங்க்ரோ ரிங். பெரும்பாலும் பித்தளை. நாம் லீவரைத் தள்ளியதும் அந்த ரிங் கியரின் கூம்பு போன்ற பாகத்தில் போய் உரசுகிறது. உரசலில் இரண்டு வேகமும் ஒன்றாகிறது. ஒன்றானதும் ஸ்லீவ் வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது. 'விழுந்தது' என்கிறோம்.

உரசல் என்று சொன்னேன் அல்லவா? இங்கேதான் எண்ணெயின் சங்கடம் இருக்கிறது. கியர் பற்களிலும் பேரிங்கிலும் எண்ணெய் வழுக்க வேண்டும். ஆனால் சிங்க்ரோ ரிங்கில் அதே எண்ணெய் விலகிக்கொண்டு பிடிமானம் கொடுக்க வேண்டும். எண்ணெய்க் கையோடு கிணற்றுக் கயிற்றைப் பிடித்துப் பாருங்கள், வாளி என்ன ஆகும் என்று தெரியும். ரிங்கின் உள்பக்கம் மெல்லிய வரிகள் வெட்டியிருப்பது இதற்காகத்தான். அந்த வரிகள் எண்ணெய்ப் படலத்தைக் கிழித்து வெளியே தள்ள வேண்டும். எண்ணெய் கட்டியாக இருந்தால் தள்ள நேரமாகும். அதுவரை ரிங் வழுக்கிக்கொண்டே இருக்கும், லீவர் கையில் கல் மாதிரி நிற்கும். பலத்தைப் போட்டுத் தள்ளினால் 'கர்ர்ர்...' சத்தம்தான்.

இப்போது 'கட்டி', 'மெல்லிசு' என்பதைக் கணக்கில் பார்ப்போம். எண்ணெயின் பாகுநிலையைச் சென்டிஸ்டோக்கில் சொல்வார்கள். எஸ்.ஏ.இ. 90 கியர் ஆயில் என்றால் 100 டிகிரி சூட்டில் 13.5-க்குக் குறையக் கூடாது. 140 என்றால் 24-க்குக் குறையக் கூடாது. (நடுவில் ஒரு விஷயம். 90 கியர் ஆயில் 40 நம்பர் என்ஜின் ஆயிலைவிட இரண்டு மடங்கு கட்டி என்று நம்மில் பாதிப் பேர் நினைக்கிறோம். இரண்டுக்கும் அளவுகோலே வேறு. 40 நம்பர் என்ஜின் ஆயில் 100 டிகிரியில் 12.5 முதல் 16.3 வரை. அதாவது இரண்டும் ஏறக்குறைய அண்ணன் தம்பிதான்.)

ஆனால் காலையில் வண்டி எடுக்கும்போது எண்ணெய் 100 டிகிரியிலா இருக்கிறது? 100 டிகிரியில் 15, 40 டிகிரியில் 140 சென்டிஸ்டோக் காட்டுகிற ஒரு சாதாரண 80டபிள்யூ-90 எண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவே 10 டிகிரி குளிரில் கணக்குப்படி சுமார் 1,000 ஆகிவிடும். 100 டிகிரியில் 27, 40 டிகிரியில் 400 காட்டுகிற 140 நம்பர் எண்ணெய் அதே குளிரில் சுமார் 4,500! 'சூடானா சரியாப் போயிடுது' என்று டிரைவர்கள் சொல்வதன் அர்த்தம் இந்த எண்களில்தான் இருக்கிறது.

கலவைக் கணக்கு

இரண்டு எண்ணெயைப் பாதிக்குப் பாதி கலந்தால் நடுவில் உள்ள அளவு வரும் என்றுதான் யாருக்கும் தோன்றும். வராது. 40 டிகிரியில் 50 உள்ள எண்ணெயும் 140 உள்ள எண்ணெயும் சம எடை கலந்தால் சராசரி 95 வர வேண்டும். உண்மையில் வருவது 81 பக்கம். மெல்லிய எண்ணெய்தான் கலவையைத் தன் பக்கம் அதிகம் இழுக்கும். கணக்குப் போடும் முறை இதுதான்: ஒவ்வொரு எண்ணோடும் 0.8 கூட்டி, லாக் எடுத்து, அந்த லாக்குக்கு மறுபடியும் ஒரு லாக் எடுங்கள். கிடைத்த இரண்டு எண்களுக்கும் சராசரி கண்டுபிடித்து, வந்த வழியே இரண்டு முறை ஆன்டிலாக் எடுத்து 0.8 கழித்துவிடுங்கள். லாக்குக்கு லாக்கா என்று சிரிக்காதீர்கள், கால்குலேட்டரில் ஒரு நிமிஷ வேலை. நம்பிக்கை இல்லாதவர்கள் நம் லேபில் உள்ள ரெட்வுட் விஸ்காமீட்டரில் 50 மில்லி ஓட எத்தனை செகண்டு ஆகிறது என்று ஸ்டாப் வாட்ச் வைத்துப் பார்க்கலாம். தனித்தனியாக ஓடும் நேரத்தின் சராசரியைவிடக் கலவை சீக்கிரம் ஓடி முடியும்.

ஆகவே பாகுநிலையைப் பொறுத்தவரை கலவை என்பது ஏமாற்று வேலை அல்ல, முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்லக்கூடிய விஷயம். தொல்லை இருப்பது எண்ணெயில் கரைந்திருக்கிற மருந்துகளில்தான்.

எங்கள் ஊர் வத்தலக்குண்டு பக்கம். என் சித்தப்பா ஒரு சின்ன லோடு வண்டி வைத்திருக்கிறார். தாண்டிக்குடி மலையிலிருந்து வாழைத்தார் ஏற்றிக்கொண்டு விடிவதற்குள் கீழே இறங்க வேண்டும். மலை இறங்கும்போது செகண்டு கியர் என்பது வெறும் கியர் அல்ல, அதுதான் பாதி பிரேக். கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் தேர்டிலிருந்து செகண்டுக்கு விழவில்லை என்றால் நியூட்ரலில் லோடோடு வண்டி உருளும், பிரேக் மட்டும்தான் துணை. போன மார்கழியில் அந்த வண்டியில் அதுதான் நடந்தது. விசாரித்தால், அதற்கு முந்தின மாதம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கியர் பாக்ஸ் சத்தத்துக்காக எண்ணெய் கலந்திருக்கிறார்கள். உள்ளே இருந்த 80டபிள்யூ-90-இல் பாதியை இறக்கிவிட்டு, வேறொரு வண்டியின் கிரவுனுக்கு வாங்கி மிச்சமிருந்த 140 நம்பர், ஜி.எல்.-5 எண்ணெயை ஊற்றியிருக்கிறார்கள். சத்தம் அடங்கிவிட்டது, சித்தப்பாவுக்குச் சந்தோஷம். மேலே சொன்ன கணக்கைப் போட்டால் அந்தக் கலவை 10 டிகிரியில் சுமார் 2,000 சென்டிஸ்டோக், இருந்ததைப்போல இரண்டு மடங்கு. மலையில் விடியற்காலைக் குளிரில் ரிங் என்ன செய்யும் பாவம்!

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருவன்தான். "டிப்ளமோ படிக்கிறியே, என்னன்னு பாருடா" என்று சித்தப்பா சாவியைக் கையில் கொடுத்தார். டேஷ்போர்டு பெட்டிக்குள் வண்டியோடு வந்த கையேடு பிளாஸ்டிக் கவர் பிரிக்காமலே கிடந்தது. இங்கிலீஷில் இருந்ததால் யாரும் தொடவில்லை. பிரித்துப் படித்தேன். கியர் பாக்ஸுக்கு 80டபிள்யூ-90, ஜி.எல்.-4 என்று ஒரே ஒரு வரி. கிரவுனுக்குத் தனி வரி, அங்கேதான் ஜி.எல்.-5.

இந்த நான்கையும் ஐந்தையும் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாலாங்கிளாஸ், அஞ்சாங்கிளாஸ் மாதிரி ஐந்து என்றால் நான்கைவிட உசத்தி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. கிரவுன்-பினியன் பற்கள் பெரும் பாரத்தோடு ஒன்றின்மேல் ஒன்று இழுபடும். அந்த அழுத்தத்தில் எண்ணெய்ப் படலம் கிழிந்துவிடும். கிழிந்த இடத்தில் எஃகைக் காப்பாற்ற கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த மருந்து போடுகிறார்கள். அது சூட்டில் எஃகின்மேல் ஒரு மெல்லிய உறை போடும். ஜி.எல்.-5-இல் இந்த மருந்து ஜி.எல்.-4-ஐவிட அதிகம், ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று பொதுவாகச் சொல்வார்கள். கிரவுனுக்கு அது அமிர்தம். சிங்க்ரோ ரிங்குக்கோ, பிடிக்க வேண்டிய இடத்தில் வழுக்கல். தவிர கந்தகத்துக்கும் செம்புக்கும் ஆகாது. பித்தளையில் செம்புதானே பெரும்பங்கு? சூட்டில் கறுத்து அரிக்கும். எல்லா ஜி.எல்.-5-ம் பித்தளையைத் தின்றுவிடும் என்று சொன்னால் அது அநியாயம். செம்புக்குத் தீங்கு செய்யாத வகைகள் இப்போது வருகின்றன, தயாரிப்பாளரே இரண்டுக்கும் சேர்த்துச் சான்று கொடுத்த எண்ணெய்களும் உண்டு. செம்புத் தகட்டைச் சூடான எண்ணெயில் போட்டு நிறம் பார்க்கிற சோதனையே தனியாக இருக்கிறது. ஆனால் அரிப்பு வேறு, பிடிமானம் வேறு. செம்பைத் தின்னாத எண்ணெயும் ரிங்கை வழுக்கவிடலாம்.

இதனால்தான் ஜி.எல்.-4-ஐயும் ஜி.எல்.-5-ஐயும் கலந்தால் 'நாலரை' வராது. பாகுநிலைக்கு லாக் கணக்கு உண்டு, மருந்துக்கு அப்படி ஒரு கணக்கு நம் கையில் கிடையாது. ஒரு கம்பெனி மருந்தும் இன்னொரு கம்பெனி மருந்தும் சேரும்போது நுரை வரலாம், கசடு இறங்கலாம். நுரை என்றால் பற்களுக்கு நடுவே எண்ணெய்க்குப் பதில் காற்று! லிமிடெட் ஸ்லிப் கிரவுனுக்கென்று விற்கிற எண்ணெயில் உரசலைக் குறைக்கிற மருந்து கூடுதலாக இருக்கும். அதை கியர் பாக்ஸில் கலப்பதும், 'கூடுதல் வழுக்கல்' என்று விற்கிற சின்னப் பாட்டிலை ஊற்றுவதும் ரிங்குக்கு எதிரியை விலைக்கு வாங்குவதுதான். சிந்தெடிக்கில் பி.ஏ.ஜி. என்றொரு வகை இருக்கிறது, அது மினரல் எண்ணெயோடு சேரவே சேராது.

அப்படியானால் கலக்கவே கூடாதா? கலக்கலாம் என்றுதான் நான் சொல்வேன், ஆனால் வாசல் குறுகல். ஒரே கம்பெனி, ஒரே வரிசை, இரண்டுமே கியர் பாக்ஸுக்கென்று செய்த ஜி.எல்.-4, பாகுநிலை மட்டும் வேறு. உதாரணமாக 75டபிள்யூ-80-ம் 75டபிள்யூ-90-ம். கையேடு இந்த இரண்டையும் அனுமதித்தால் நடுவில் ஒரு கலவை செய்துகொள்வதில் தப்பில்லை. குளிர்ப் பிரதேசத்தில் ஓடுகிற வண்டிக்கு அது நிஜமாகவே உதவும். கையேடு சொன்னதற்குக் கீழே மெல்லிசாகப் போனால் கியர் வெண்ணெயாக விழும், ஆனால் பேரிங் பாடத் தொடங்கும், பற்களில் குழி விழும். ஆட்டோமேட்டிக் வண்டிக்கான சிவப்பு ஏ.டி.எஃப். எண்ணெயைக் கலப்பதும் இந்த ரகம்தான். சில கம்பெனிகள் தங்கள் மேனுவல் கியர் பாக்ஸுக்கே ஏ.டி.எஃப். ஊற்றச் சொல்கின்றன, அங்கே அது சரி. சொல்லாத இடத்தில் வேண்டாம். பைக் வைத்திருக்கிற நண்பர்களுக்கு ஒரு வரி: பெரும்பாலான பைக்குகளில் என்ஜின், கிளட்ச், கியர் மூன்றுக்கும் ஒரே எண்ணெய். இந்த வித்தை எதுவும் அங்கே வேண்டாம். கையேட்டில் உள்ள கிரேடில் ஜாசோ எம்.ஏ. என்று போட்ட எண்ணெய் போதும்.

எண்ணெயைத் தொடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. என்ஜினை நிறுத்திவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். நிறுத்திய நிலையிலும் முரண்டு பிடித்தால் லிங்கேஜையோ கேபிளையோ பாருங்கள். நிறுத்தினால் சுகமாக விழுந்து, ஸ்டார்ட் செய்தால் மட்டும் எல்லா கியரும் முரண்டினால் கிளட்ச் முழுசாக விடவில்லை. இன்னும் ஒன்று: கிளட்சை முழுசாக மிதித்து ஐந்தாறு செகண்டு பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். அநேக வண்டிகளில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கிடையாது. பொறுத்துப் போட்டும் கரகரத்தால் அதுவும் கிளட்ச்தான். குளிரில் மட்டும் கடினம், சூடானால் சரி என்றால்தான் எண்ணெயின் மேல் சந்தேகப்படலாம். சூட்டிலும் ஒரே ஒரு கியர் மட்டும் கர்ர் என்றால் அந்த கியரின் ரிங் தேய்ந்துவிட்டது. எந்தக் கலவையும் தேய்ந்த பித்தளையைத் திரும்ப வளர்க்காது. கட்டி எண்ணெய் சத்தத்தை மூடி மறைக்கும், அவ்வளவுதான்.

சித்தப்பா வண்டியில் பழைய கலவையை முழுசாக இறக்கியபோது, தட்டில் எண்ணெயோடு தங்கப் பொடி மாதிரி மினுக்கியது. பித்தளைத் தூள். கையேட்டில் சொன்ன எண்ணெயை ஊற்றியதும் காலை நேரத்து முரண்டு பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் செகண்டு மட்டும் சூட்டிலும் லேசாகக் கடித்தது. தை மாதம் கியர் பாக்ஸை இறக்கி ரிங் மாற்றினோம். நாலு நாள் வண்டி ஓடவில்லை, அந்த மாதத் தவணைக்குச் சித்தி சீட்டுப் பணத்தை எடுத்தார். இப்போது கையேட்டின் அந்த இரண்டு வரியையும் தமிழில் எழுதி டேஷ்போர்டு பெட்டியின் மூடியில் ஒட்டியிருக்கிறேன்.

எலக்ட்ரிக் வண்டி வந்துவிட்டால் இதெல்லாம் எதற்கு என்று முதலாம் ஆண்டுத் தம்பிகள் கேட்கிறார்கள். அந்த வண்டியிலும் மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நடுவே கியர் இருக்கிறது தம்பி, அதற்கும் எண்ணெய் வேண்டும்.

எண்ணெய் மாற்றப் போகிறவர்களுக்கு: கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடாக்கி, சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு இறக்குங்கள். பழைய எண்ணெயைச் சாக்கடையில் விடாமல் கேனில் பிடியுங்கள். அநேக கியர் பாக்ஸ்களில் மேல் ஃபில்லர் ஓட்டையின் விளிம்புதான் அளவு, அங்கே தளும்பினால் போதும். ஃபில்லர் போல்ட் கழலுகிறதா என்று முதலில் பார்த்துவிட்டு அப்புறம் கீழே டிரெயின் போல்ட்டில் ஸ்பானரை வையுங்கள். மேலே துருப்பிடித்து இறுகியிருந்தால், காலி கியர் பாக்ஸோடு வண்டி அங்கேயே நிற்கும்.