ஒரு பாட்டில் தண்ணீர், ஆற்று மீன்களின் வருகைப் பதிவு!

தாமிரபரணியின் பாபநாசம் படித்துறையில் பொரி போட்டதும் மொய்க்கும் மீன்களை எல்லாரும் பார்த்திருப்போம். பாறை இடுக்கில் ஒளிந்துகொண்டு, பொரிக்கும் வராமல் வலைக்கும் சிக்காமல் இருக்கும் மீனை எப்படிப் பார்ப்பது? ஆற்றுத் தண்ணீரே சொல்லிவிடும் என்று அறிந்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை!

மீன் கழுவும்போது கையில் ஒட்டுமே ஒரு வழுவழுப்பு, அதையும் செதில் துணுக்கையும் கழிவையும் மீன் நாள் முழுக்கத் தண்ணீரில் விட்டுக்கொண்டே போகிறது. அத்தனையிலும் அதன் டிஎன்ஏ உண்டு. அதை ஆய்வாளர்கள் எப்படிப் பிடிக்கிறார்கள்? வாருங்கள், பார்ப்போம்.

முதலில் கையுறை. மதியம் அயிரைக் குழம்பு சாப்பிட்ட கையோடு பாட்டிலைத் தொட்டால், அந்த அயிரையும் பட்டியலில் ஏறிவிடும்! அதனால் சுத்தமான தண்ணீர் ஒரு பாட்டிலையும் கொண்டுபோய் அதே முறையில் வடிகட்டுவார்கள். அதில் மீன் தெரிந்தால், எங்கோ கலப்படம் நடந்திருக்கிறது.

பிறகு ஆற்று நீர், உள்ளங்கையில் அடங்கும் வெள்ளை வட்டத்தாள் வழியே இறங்கும். தாளின் துளை பெரும்பாலும் 0.45 மைக்ரான், தலைமுடித் தடிமனில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. நீர் இறங்க இறங்கத் தாள் பழுப்பேறும். அந்தக் கறைதான் புதையல்! வெயிலும் சூடும் டிஎன்ஏவைச் சிதைக்கும் என்பதால் உடனே குளிரில் வைப்பார்கள்.

ஆய்வகத்தில், தாளிலிருந்து பிரித்த டிஎன்ஏவை நகலெடுக்க பிசிஆர் இயந்திரம் காத்திருக்கும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, 30 சுற்றில் நூறு கோடிப் பிரதிகளைத் தாண்டும்! மீன்களின் டிஎன்ஏவைக் குறிவைக்கும் 'மிஃபிஷ்' தூண்டிலை ஜப்பானின் மசாகி மியா குழு 2015இல் வெளியிட்டது. ஒகினாவா மீன்காட்சியகத் தொட்டிகளில் இருந்த 180 இனங்களில் 168ஐத் தண்ணீரே காட்டிக்கொடுத்தது! இங்கே ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வு மையத்தினர் ஒடிசாவின் சிலிக்கா ஏரி நீரில் உயிரினங்களின் டிஎன்ஏவைப் படித்திருக்கிறார்கள்.

ஆனால் மீன்கள் எத்தனை, எவ்வளவு பெரியவை என்று இந்த முறை துல்லியமாகச் சொல்லாது. ஆற்றின் மேல்பகுதியில் வாழும் மீனின் தடயத்தை ஓட்டம் கீழே இழுத்து வந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, கிடைத்த துணுக்கு எந்த மீனுடையது என்று ஒப்பிட ஒரு பதிவேடு வேண்டும். அதில் இல்லாத மீன், ஆற்றில் இருந்தும் பெயரில்லாமல் போகும்.

நம் ஆற்றின் பெயரையே தாங்கிய 'டாக்கின்சியா தாம்ரபர்ணியே' மீனை 1954இல் அறிவியலுக்கு அறிவித்தவர் ஈ.ஜி.சைலஸ். பொதிகை முதல் புன்னைக்காயல் வரை இந்த ஆற்றில் வாழும் ஒவ்வொரு மீனும் அந்தப் பதிவேட்டில் ஏற வேண்டும். நெல்லைச் சீமையின் விலங்கியல் மாணவர்களே, மீனைப் பார்த்ததும் பேர் சொல்லும் நம் மீன்பிடிக்காரர்களைக் கூட்டிக்கொண்டு இந்த வேலையை நீங்களே தொடங்குங்கள்!