வயோதிகர் சம்ரக்ஷணையும் வீட்டுப் பத்திரமும்

கலியாணச் செலவுக்குத் திட்டம் போடாத குடும்பம் நம் நாட்டில் இல்லை. பந்தலுக்கு இவ்வளவு, மேளத்துக்கு இவ்வளவு, சமையலுக்கு இவ்வளவு என்று நோட்டுப் புஸ்தகத்தில் எழுதி, கூட்டிக் கழித்துப் பார்த்த பின்னரே முகூர்த்த நாள் வைக்கிறோம். இரண்டு நாளில் முடிந்துபோகும் வைபவத்துக்கு இத்தனை முன்யோசனை செய்கிற நாம், பத்து வருஷமும் பதினைந்து வருஷமும் நீடிக்கக்கூடிய வயோதிக காலத்துக்கு ஒரு வரியேனும் எழுதி வைப்பதில்லை. பேச்செடுத்தாலே அபசகுனமென்று வாயை அடைத்துவிடுகிறார்கள்.

2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி, அறுபது வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் இந்தியாவில் நூற்றுக்கு 8.6 பேர், தமிழ்நாட்டில் 10.4 பேர். அதன் பின் இவ்விகிதம் ஏறியிருக்குமேயன்றி இறங்கியிராது. கூட்டுக் குடும்பம் இருந்த காலத்தில் இச்செலவே இல்லை என்று பெருமூச்சு விடுவோர் பலர். அது சரியன்று. செலவு இருக்கவே இருந்தது. இரவில் எழுந்து படுக்கைத் துணியை மாற்றியவளும், கஞ்சியை ஆற்றிப் புகட்டியவளும் அச்செலவைத் தம் தேகத்தால் செலுத்தினர். கூலி இல்லாமையால் அது எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. இன்று அப்பெண் பள்ளிக்கூடத்திலோ பாங்கியிலோ உத்தியோகம் பார்க்கிறாள். பிள்ளை பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறான். மறைந்திருந்த கணக்கு வெளியே வந்திருக்கிறது, அவ்வளவே.

இதற்குத்தான் இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று நேயர்கள் கேட்கலாம். எழுபது வயது நிரம்பிய அனைவருக்கும், வருமான பேதமின்றி, குடும்பத்துக்கு வருஷம் 5 லக்ஷ ரூபாய் வரை ஆஸ்பத்திரிச் செலவை ஏற்பதாக 2024 அக்டோபரில் மத்திய சர்க்கார் தமது திட்டத்தை விஸ்தரித்தனர். தனிநபர் வைத்திய இன்ஷூரன்ஸ் மீதிருந்த ஜி.எஸ்.டி. வரி 2025 செப்டம்பரில் நீக்கப்பட்டது. இவையெல்லாம் வரவேற்கத் தக்கவையே. ஆயினும் இவை ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பணம் கொடுப்பவை. வீட்டுக் கட்டிலுக்குக் கொடுப்பவை அல்ல. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த தாயாருக்கு ரண சிகிச்சைச் செலவு கிடைத்துவிடும். வீடு திரும்பிய பின் அவளைத் தூக்கி உட்கார வைக்கவும், புரண்டு படுக்கச் செய்யவும், கழிப்பறைக்கு அழைத்துச் செல்லவும் மாதக்கணக்கில் ஓர் ஆள் வேண்டுமே, அவருடைய சம்பளத்தை எந்தப் பாலிஸி கொடுக்கிறது?

கணக்கிட்டுப் பார்ப்போம். பகலுக்கு மாத்திரம் ஓர் ஆள், நாளொன்றுக்கு 800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 24,000 ரூபாய். இரவுக்கும் ஓர் ஆள் வேண்டுமாயின் 48,000. டயாப்பர், மருந்து, படுக்கைப் புண் வராமலிருக்கக் காற்றுப் படுக்கை, வீட்டுக்கு வந்து பார்க்கும் பிஸியோதெரபிக்காரர் ஆகியவை வேறு. கூலி வருஷத்துக்கு நூற்றுக்கு எட்டு வீதம் ஏறினால் ஒன்பது வருஷத்தில் இத்தொகை இரட்டிக்கும்.

இனி வரவைப் பார்ப்போம். தபாலாபீஸிலும் பாங்கிகளிலும் உள்ள மூத்த பிரஜைகள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் போடக்கூடிய தொகையின் உச்சவரம்பு 2023-ல் 15 லக்ஷத்திலிருந்து 30 லக்ஷமாக உயர்த்தப்பட்டது. அவ்வருஷம் நிர்ணயித்த 8.2 சதவீத வட்டியில், முழுத்தொகையும் போட்டவருக்கு மாதம் 20,500 ரூபாய் கிடைக்கும். முப்பது லக்ஷம் ரொக்கம் வைத்திருக்கும் பாக்கியவானாலும் பகல் ஆள் ஒருவரைக்கூட அவ்வட்டியால் வைத்துக்கொள்ள முடியாது. ஏழையின் ஸ்திதியைச் சொல்ல வேண்டியதில்லை. 1962-ல் 20 ரூபாயுடன் தொடங்கிய தமிழ்நாட்டு முதியோர் உதவித்தொகை 2023-ல் 1,200 ரூபாயாயிற்று. எண்பது வயதுக்குட்பட்ட முதியோருக்கு மத்திய சர்க்கார் தரும் பங்கு 2007-ல் 200 ரூபாய். 2025-லும் அதே 200 தான். ஜெர்மனி 1995-லும் ஜப்பான் 2000-லும் பராமரிப்புக்கென்றே கட்டாய இன்ஷூரன்ஸை ஏற்படுத்தின. ஜப்பானியர் நாற்பதாவது வயதிலேயே அதற்குச் சந்தா செலுத்தத் தொடங்குகின்றனர். நம் தேசத்தில் அத்தகைய ஏற்பாடு இல்லை.

ஆகவே நடுத்தரக் குடும்பத்தினருக்கு எஞ்சி நிற்கும் மூலதனம் குடியிருக்கும் வீடு ஒன்றே. அதைத்தான் நம் பெரியோர்கள் முதலில் கைவிடுகிறார்கள். குடும்பத்தாருக்குள் முத்திரைக் கட்டணம் குறைவென்றும், பின்னால் சகோதரருக்குள் தகராறு வராதென்றும் சொல்லிப் பிள்ளைகள் ரிஜிஸ்தர் ஆபீஸுக்கு அழைத்துப் போகிறார்கள். தகப்பனார் தானசெட்டில்மெண்டில் கையெழுத்திட்டுவிட்டு வருகிறார். உயில் எழுதியவர் உயிரோடிருக்கும் வரை அதை மாற்றலாம். செட்டில்மெண்டு அப்படியன்று, எழுதிய மாத்திரத்தில் சொத்து கைமாறிவிடும். இவ்வேற்றுமையை அறியாமலே பலர் ரேகை வைக்கின்றனர். எழுதித்தான் தீரவேண்டுமென்றால் இரண்டு வாசகங்களைச் சேர்க்கச் சொல்ல வேண்டும். ஒன்று, எழுதிக் கொடுப்பவரும் அவர் மனைவியும் ஆயுள் பரியந்தம் அவ்வீட்டை அனுபவிக்கும் பாத்தியம். மற்றொன்று, பெறுபவர் அவர்களுக்கு அன்னவஸ்திரமும் வைத்தியமும் பராமரிப்பும் அளிக்கவேண்டுமென்னும் நிபந்தனை. பெற்ற பிள்ளையிடம் நிபந்தனையா என்று மனம் கூசுவது இயற்கையே. ஆனால் பராமரிக்கும் எண்ணமுள்ள பிள்ளைக்கு அவ்வாசகத்தால் நஷ்டம் ஏதுமில்லை.

2007-ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவு இந்த நிபந்தனையையே பற்றி நிற்கிறது. அத்தகைய நிபந்தனையோடு பெற்றவர் பராமரிக்கத் தவறினால், அம்மாற்றத்தை ரத்து செய்யத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரமுண்டு. நிபந்தனை இன்றியமையாததென்று 2022 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், இச்சட்டம் முதியோரின் நன்மைக்காக ஏற்பட்டதாகலின் தாராளமாகவே பொருள்கொள்ள வேண்டுமென்று கூறி, மகனுக்குத் தாய் கொடுத்த தானத்தை அதே கோர்ட்டு ரத்து செய்தது. அவ்வழக்கில் பராமரிப்பதாக மகன் எழுதிக் கொடுத்த கடுதாசி தாயாரின் கையில் இருந்தது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

இதே சட்டத்தின்படி பிள்ளைகளிடமிருந்து பெறக்கூடிய ஜீவனாம்சத்துக்கு மாதம் 10,000 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தார்கள். மேற்சொன்ன கணக்கில் அது பன்னிரண்டு நாள் பகற்கூலிக்கும் சற்று அதிகம். அவ்வரம்பை நீக்கக் கருதி 2019-ல் கொண்டுவந்த மசோதா, அந்த லோக் சபையின் ஆயுள் முடிவதற்குள் நிறைவேறவில்லை. பார்லிமெண்டு அங்கத்தினர்கள் இதை மறுபடி கையிலெடுக்கும்படி நாம் வற்புறுத்துகிறோம். இத்தீர்ப்பாயங்களில் கட்சிக்காரருக்காக வக்கீல்கள் ஆஜராகலாகாதென்று 17-ஆம் பிரிவில் எழுதியிருக்கிறார்கள். நமது தொழிலார் சிலருக்கு அதில் மனத்தாங்கல் உண்டு, நமக்கில்லை. தமிழ்நாட்டில் கோட்டாட்சியர் ஆபீஸில் முதியவர் தாமே மனுக் கொடுக்கலாம். நடக்க இயலாதவர் வேறொருவர் மூலமோ, ஒரு சங்கத்தின் மூலமோ அனுப்பலாம். மனுவோடு செட்டில்மெண்டு பத்திரத்தின் நகலும், ஆள் சம்பளம், மருந்து முதலியவற்றின் மாதக் கணக்கும் ரசீதுகளுடன் சேர்ந்திருப்பது நல்லது.