மேசைமேல் ஒரு வாட்டர்லூ

சதுரங்கம் ஆடி மகிழாதோர் நம்மில் சிலரே. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையின் பெயரால் வழங்கும் அவ்விளையாட்டு, இந்தியாவில் தோன்றிப் பாரசீகம் வழியாக ஐரோப்பாவை அடைந்தது. ஆனால் சதுரங்கப் பலகையில் மேடு இல்லை. சேறும் மழையும் இல்லை. எதிரியின் காய்கள் எங்கே நிற்கின்றன என்பதும் வெட்டவெளிச்சம். உண்மைப் போர்க்களத்தில் படைத்தலைவனுக்கு இவ்வசதி ஏது?

இக்குறையைப் போக்க ஜெர்மானியர் சதுரங்கத்தைப் பலவாறு மாற்றிப் பார்த்தனர். 1824-ஆம் ஆண்டில் ரைஸ்விட்ஸ் என்னும் பிரஷ்ய இராணுவ அதிகாரி, 1:8000 அளவில் வரைந்த நிலப்படத்தின்மேல் ஆடும் போர் விளையாட்டுக்கு விதிநூல் வெளியிட்டார். இரு தரப்பினரும் தத்தம் கட்டளைகளை நடுவரிடம் கொடுப்பர். நடுவர் பகடை உருட்டி விளைவை அறிவிப்பார். அதனை வியந்து பாராட்டிப் படையினருக்குப் பரிந்துரைத்தவர் தளபதி மியூஃப்லிங். இவர் வாட்டர்லூப் போரின்போது வெலிங்டனுடன் தொடர்பு அதிகாரியாக இருந்தவர் என்பது ஈண்டு குறிப்பிடத்தக்கது. அந்த வாட்டர்லூப் போரையே ஒரு மேசையின்மேல் அமைக்கும் முறையை இனிக் காண்போம்.

அப்போர் 1815 ஜூன் 18, ஞாயிற்றுக்கிழமை, இன்றைய பெல்ஜிய நாட்டில் பிரஸ்ஸல்ஸ் நகருக்குத் தெற்கே நிகழ்ந்தது. நெப்போலியனிடம் ஏறத்தாழ 73,000 வீரர். வெலிங்டனிடம் 68,000 வீரர். பின்னவருள் ஆங்கிலேயர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரே. ஏனையோர் டச்சுக்காரரும் பெல்ஜியரும் ஜெர்மானியருமாவர். இரண்டு நாட்களுக்கு முன் லிக்னியில் தோற்றுப் பின்வாங்கிய பிரஷ்யப் படை, எழுபத்திரண்டு வயதுடைய பிளூஹரின் தலைமையில், சேற்றுப் பாதைகளில் மீண்டும் நடந்து வந்தது. அன்று மாலைக்குள் அவருள் சுமார் 50,000 பேர் களத்தை வந்தடைந்தனர்.

ஆறடி நீளமும் நான்கடி அகலமும் கொண்ட ஒட்டுப்பலகை ஒன்று போதும். அதில் ஓர் அடியை ஒரு கிலோமீட்டராகக் கொண்டால் களத்தின் முதன்மையான பகுதி அடங்கிவிடும். ஒரு காய்க்கு ஆயிரம் வீரர் எனக் கொண்டு கெட்டி அட்டையில் வெட்டிக் கொள்ளலாம்: பிரெஞ்சுக்காரருக்கு நீலம், வெலிங்டனுக்குச் சிவப்பு, பிரஷ்யருக்குக் கறுப்பு. கணக்கு என்றாலே முகம் சுளிப்பவரும் இங்கே விகிதம் போட்டுத்தான் ஆகவேண்டும். இருபது மீட்டர் உயரமுள்ள மேடு நம் அளவில் ஆறு மில்லிமீட்டரே வரும், கண்ணுக்கே தெரியாது. ஆகவே உயரத்தை மட்டும் மிகைப்படுத்தி, பழைய நாளிதழ்களைக் கூழாக்கி மேடுகளை எழுப்ப வேண்டும். இன்று அங்கு எடுக்கப்படும் படங்களை நம்பி அமைத்தால் பிழை நேரும். 1826-இல் முடிக்கப்பட்ட, 40 மீட்டருக்கு மேல் உயர்ந்த சிங்க மேட்டிற்காக, வெலிங்டன் நின்ற முகட்டிலிருந்தே மண்ணை வெட்டி எடுத்துவிட்டார்கள்!

மேட்டை இவ்வளவு வற்புறுத்துவது ஏன்? வெலிங்டன் தம் வீரரில் பெரும்பாலோரை முகட்டின் பின்சரிவில் மறைத்து நிறுத்தினார். பிரெஞ்சுப் பீரங்கிகளுக்கு அவர்கள் புலப்படவில்லை. எனவே சரிவுக்குப் பின்னுள்ள சிவப்புக் காய்களை மேசையில் வைக்கலாகாது. அவற்றின் இடத்தை நடுவர் தம் தாளில் குறித்து வைத்திருக்க வேண்டும். முதல் நாள் இரவு பெய்த பெருமழையையும் விதியாக்க வேண்டும். உலர்ந்த தரையில் துள்ளிப் பாயும் இரும்புக் குண்டு சேற்றில் புதைந்துபோகும். ஆதலால் பீரங்கியின் வலிமையைக் குறைத்துக் கணக்கிடுதல் முறை.

கால் மணி நேரத்தை ஒரு சுற்றாகக் கொண்டால், முற்பகல் பதினொன்றரை முதல் இரவு எட்டரை வரை 36 சுற்றுகள். துப்பாக்கி மூன்று சென்டிமீட்டர் தொலைவுக்கு எட்டும். பீரங்கி ஓரடிக்கு எட்டும். குதிரைப்படை பாய்ந்து வரும்போது காலாட்படை நாற்புறமும் துப்பாக்கி ஈட்டிகளை நீட்டிச் சதுரமாக நின்றால், குதிரைகள் அதனுள் புகா. ஆயினும் நெருங்கி நிற்கும் அச்சதுரம் பீரங்கிக்கு நல்ல இலக்கு. பிற்பகல் நான்கு மணியளவில் மார்ஷல் நேய் ஆயிரக்கணக்கான குதிரை வீரரை ஏவினார். போதிய காலாட்படையைத் துணைக்கு அனுப்பவில்லை. சதுரங்கள் உடையவில்லை. நம் ஆட்டத்திலும் நேயாக அமர்பவர் இதே பிழையைச் செய்ய ஆசைப்படுவார்; செய்யட்டும்.

எல்லாவற்றிலும் கடினமானது பிரஷ்யரை அமைப்பதே. நாம் முதன்முறை ஆடியபோது கறுப்புக் காய்களையும் தொடக்கத்திலேயே மேசையின் ஓரத்தில் அடுக்கி வைத்துவிட்டோம். நெப்போலியனாக அமர்ந்த மாணவன் முதற்சுற்றிலேயே பாதிப் படையை அப்பக்கம் திருப்பிவிட்டான். ஆட்டம் கெட்டது. நெப்போலியனோ, பிரஷ்யரைத் தடுக்குமாறு குரூஷியிடம் 33,000 பேரை முன்னரே ஒப்படைத்திருந்தவர். அவர்கள் அன்று களத்திற்கு வரவேயில்லை. ஆகவே இப்போது கறுப்புக் காய்கள் நடுவரின் பெட்டிக்குள் இருக்கின்றன. பிற்பகல் மூன்றரை மணிச் சுற்று முதல் அவர் பகடையை மறைவாக உருட்டுவார். ஆறு விழுந்த சுற்றில் முதல் அணி கிழக்கே தோன்றும், ஏனையவை சிறிது சிறிதாகப் பின்தொடரும். வெலிங்டனாக இருப்பவரும் அதுவரை பொறுமையோடு காத்திருக்க வேண்டும்.

பிரஷ்யரை எங்கே வைப்பது என்னும் இக்கேள்வி ஒருவரின் வாழ்வையே அலைக்கழித்ததுண்டு. வில்லியம் சைபோர்ன் என்னும் ஆங்கிலேய அதிகாரி 1830-இல் அக்களத்திலேயே எட்டு மாதங்கள் தங்கி நிலத்தை அளந்தார். போரில் நின்ற அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதி, மாலை ஏழு மணியளவில் ஒவ்வோர் அணியும் எங்கிருந்தது என வினவினார். அரசு பணம் தர மறுத்த பின்னர் கடன்பட்டு வேலையைத் தொடர்ந்தார். பல்லாயிரம் சிறு பொம்மைகள் கொண்ட அம்மாதிரி 1838-இல் இலண்டனில் காட்சிக்கு வந்தது. திரட்டிய சான்றுகளின்படி பிரஷ்யரை அவர் பெருந்தொகையாக நிறுத்தியிருந்தார். வெற்றியில் அவர்களுக்கு அத்துணைப் பங்கு காட்டப்பட்டதை வெலிங்டன் தரப்பினர் விரும்பவில்லை. முடிவில் சைபோர்ன் அப்பொம்மைகளுள் பலவற்றை அகற்றினார். இலண்டனிலுள்ள தேசிய இராணுவ அருங்காட்சியகத்தில் அம்மாதிரி உள்ளது. அதன் கலைத்திறனை நாம் பெரிதும் மதிக்கிறோம். எனினும் அகற்றப்பட்ட அப்பொம்மைகள் மீண்டும் அதில் நின்றிருந்தால் நன்றென்றே நமக்குத் தோன்றுகிறது.

நம் விதிகள் சரிதானா என்று அறிய ஒரே வழி, பலமுறை ஆடிப் பார்ப்பதே. ஒவ்வொரு முறையும் நெப்போலியனே வென்றால் விதியில் பிழை இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அவர் தோற்றாலோ, அந்த நாற்காலியில் அமர யாரும் முன்வரமாட்டார். எங்கள் ஆட்டங்களில், பிரஷ்யர் பிந்தி வந்தபோதெல்லாம் வெலிங்டனின் நிலை தள்ளாடியது.

ஆட்டம் முடிந்ததும் நடுவர் இரு தரப்புக் கட்டளைத் தாள்களையும் உரக்கப் படிப்பார். அப்போது எழும் சிரிப்புக்கு அளவில்லை. அதன்பின் அகற்றப்பட்ட காய்களை எண்ணுவோம். அவையெல்லாம் மாண்டோர் அல்லர். சிதறி ஓடியோரும் அவற்றுள் அடங்குவர். அன்று அக்களத்தில் மாண்டோரும் காயமுற்றோருமாக வீழ்ந்தவர் நாற்பதாயிரத்திற்கும் மேற்பட்டவர். நம் கணக்கில் அவை நாற்பது அட்டைத் துண்டுகள். இரண்டு கைகளுக்குள் அடங்கிவிடும்.