மானால் எழுந்த காட்டுக் குடில்கள்

நியூசிலாந்தின் மலைக்காடுகளில், ஊரைவிட்டு ஒரு நாள், இரு நாள் நடந்த பின்னும், மரங்களுக்கிடையே தகரக் கூரையிட்ட சிறு குடில் ஒன்று தென்படும். உள்ளே நான்கு அல்லது ஆறு படுக்கைப் பலகைகள், கணப்படுப்பு, காவலாள் இல்லை. இதனைச் சத்திரம் என்று மொழிபெயர்ப்பது பொருந்தாது. சத்திரத்தில் சோறிடுவார் உண்டு. 'புகற்குடில்' எனலாம் என்பது என் கருத்து.

மலையேறுவோருக்காகவே இவை எழுந்தன என்று நாம் எண்ணுவோம். ஆனால் மிகப் பல குடில்களுக்குக் காரணம் மான்!

வௌவால் தவிர வேறு நிலவாழ் பாலூட்டி இயற்கையில் இல்லாத நாடு அது. அங்கே 1851 முதல், வேட்டை விளையாட்டின் பொருட்டு, ஆங்கிலேயர் செம்மான்களைக் கொண்டுவந்து விட்டனர். பகையாகப் புலியோ ஓநாயோ இல்லை. மான்கள் பெருகி இளங்கன்றுகளையெல்லாம் மேய்ந்தன. காடு அழிந்தால் மலை சரியும், வெள்ளம் ஊர்களை அழிக்கும் என்ற அச்சம் எழுந்தது. மானுக்கு அளித்திருந்த பாதுகாப்பு 1930இல் நீக்கப்பட்டது. மறு ஆண்டே அரசு கூலிக்கு வேட்டைக்காரரை அமர்த்தியது. அவர்கள் கூடாரத்தில் மாதக்கணக்காகக் கிடந்தனர். வெள்ளம் புரளும் ஆறுகளைக் கடக்கையில் உயிரிழந்தோரும் உண்டு.

1956இல் இப்பணியை ஏற்ற வனத்துறை, ஒரே அளவான வரைபடங்களைக் கொண்டு நூற்றுக்கணக்கான குடில்களைக் கட்டியது. பாதையில்லாத இடங்களுக்குப் பலகையும் தகரமும் விமானத்திலிருந்து போடப்பட்டன. தகரக் கூரையில் பெருமழை எழுப்பும் ஓசையைத் தோட்டப்புறத்து ஆசிரியர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மலைச்சரிவுக்கு மானைவிட நிலநடுக்கமும் பெருமழையுமே பெருங்காரணம் என்று பின்னர் ஆய்வாளர் கண்டனர். இளமரங்களுக்கு மான் செய்த கேடு மட்டும் மெய். அறுபதுகளில் ஹெலிகாப்டர் வந்து இறைச்சிக்காக மான்களைக் கொண்டுசெல்லவே, நடந்து சுடும் வேலை மெல்ல மறைந்தது. வனத்துறையும் 1987இல் கலைக்கப்பட்டது. குடில்கள் இயற்கைப் பாதுகாப்புத் துறையின் வசமாயின. இன்று அத்துறையிடம் 900க்கு மேற்பட்ட குடில்கள் உள்ளன. வேட்டைக்காரர் படுத்த பலகையில் இன்று நடைப்பயணிகள் படுக்கின்றனர்.

எரித்த விறகுக்கு ஈடாக, அடுத்து வருபவருக்கென உலர்ந்த விறகு வைத்துச் செல்வது அங்கே வழக்கம். குளிரில் நனைந்து வருபவனுக்கு அதுவே உயிர். மற்றொன்று, வருகைப் பதிவேடு. நம் பள்ளிப் பதிவேட்டில் வந்தவர் பெயர் இருந்தால் போதும். இதில் இனிப் போகும் வழியையும் எழுதவேண்டும். ஆள் திரும்பாவிட்டால் தேடுவோர் இந்த ஏட்டைத்தான் புரட்டுவர். ஆகவே, தங்காமல் கடந்து செல்பவரும் உள்ளே நுழைந்து இரண்டு வரி எழுதிவிட்டே நடக்கின்றனர்.