இதழ் அசைகிறதா? சொல்லும் எக்ஸ்ரே

உலோக வால்வு பொருத்திக்கொண்டவர்கள் பலருக்கு இரவில் ஊர் அடங்கியதும் நெஞ்சுக்குள் 'டிக் டிக்' என்று கேட்கும். வளையத்துக்குள் கார்பன் இதழ்கள் மூடும் சத்தம் அது. கொஞ்ச நாளில் பழகிவிடும். ஒருநாள் அந்தச் சத்தம் மங்கி, மூச்சும் வாங்க ஆரம்பித்தால்தான் ஆபத்து. வால்வில் ரத்தம் உறைந்து இதழ் சிக்கியிருக்கலாம்.

டெல்லி எய்ம்ஸ் இதய மருத்துவர்களுக்கு இது பழகிய நோய். சிறுவயதில் தொண்டைப்புண்ணாக வந்துபோகும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி, சிலருக்கு ருமாட்டிக் காய்ச்சலில் கொண்டுபோய் விட்டு இதய வால்வைக் கெடுத்துவிடுகிறது. உலோக வால்வாக மாற்றினால் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட வேண்டும். அளவு சரியா என்று அடிக்கடி ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும். பரிசோதனைக்கூடமே இல்லாத ஊருக்குத் திரும்புகிறவரால் இதெல்லாம் எத்தனை வருஷம் முடியும்?

மாத்திரை தவறி, இதழ் சிக்கிவிட்டதோ என்று சந்தேகம் வந்தால் எடுப்பது ஃப்ளூரோஸ்கோபி, அதாவது ஓடும் எக்ஸ்ரே. ஊசி இல்லை, மருந்து ஏற்றுவதில்லை. நொடிக்கு 15 படம் போல, சில நொடிகள் போதும். இதயத் தசை இதில் வெறும் நிழல்தான். வால்வின் வளையம் மட்டும் கன்னங்கரேலென்று தெரியும். எக்ஸ்ரே குழாய் மாட்டிய வளைந்த கையை அப்படி இப்படித் திருப்பி, வளையம் பக்கவாட்டில் ஒற்றைக் கோடாகத் தெரியும் கோணத்தைப் பிடிக்க வேண்டும். கைப்பழக்கம் வேண்டிய வேலை இதுதான். கோணம் சரியாக விழுந்தால் இரண்டு இதழ்களும் இரண்டு மெல்லிய கோடுகளாகி, துடிப்புக்குத் துடிப்பு திறந்து மூடும். செயின்ட் ஜூட் வகை வால்வென்றால் 85 டிகிரி வரை திறக்க வேண்டும். சிக்கியிருந்தால் ஒரு கோடு அசைய, மற்றது அப்படியே நிற்கும்.

உத்தி ஒன்றும் புதிதல்ல. ரான்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895இல். 1897இலேயே கிளாஸ்கோவில் ஜான் மெக்கின்டயர் தவளைக்கால் அசைவதை எக்ஸ்ரே படமாக ஓட்டிக் காட்டிவிட்டார்.

ஒலியலையால் இதயத்தைப் பார்க்கும் எக்கோ இருக்கும்போது இது எதற்கு? ரத்தம் பாயும் வேகம், வால்வின் இருபுற அழுத்த வித்தியாசம் எல்லாம் எக்கோதான் சொல்லும். ஆனால் உலோகத்தில் ஒலியலை பட்டுச் சிதறுவதால் இதழ் சரியாகத் தெரியாமல் போகும். ஃப்ளூரோஸ்கோபிக்கோ ரத்தக்கட்டியே தெரியாது. ஆகவே இரண்டும் வேண்டும்.

கட்டியைக் கரைக்க ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஏற்றுவது ஒரு வழி. வேகமாக ஏற்றுவதா, மெதுவாகவா என்று 120 பேரிடம் சோதித்து எய்ம்ஸ் மருத்துவர்கள் 2009இல் முடிவை வெளியிட்டார்கள். வேகமாக ஏற்றியதில் சுமார் 64 சதவீதம் பேரும், மெதுவாக ஏற்றியதில் சுமார் 53 சதவீதம் பேரும் முழுமையாகத் தேறினார்கள். வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்றது கணக்கு. எனக்கு உறுத்துவது வேறு: எந்த வேகத்தில் ஏற்றினாலும் மூன்றில் ஒருவருக்காவது மருந்து முழுப்பலன் தரவில்லை. கரைகிறதா என்று திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருப்பது அதனால்தான்.

இந்த எக்ஸ்ரேக்குப் பிடிபடாத வால்வு ஒன்று உண்டு. அது நம் நாட்டிலேயே பிறந்தது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை மருத்துவ நிறுவனத்தில் இதய அறுவை மருத்துவர் வலியத்தானின் குழுவினர் உருவாக்கி, 1990இல் முதன்முதலாகப் பொருத்திய சித்ரா வால்வின் தட்டு பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். உலோகக் கூண்டு பளிச்சென்று விழும்; உள்ளே அசையும் தட்டு மட்டும் விழாது. இந்த வால்வு பொருத்திக்கொண்டவர்களுக்கு எக்கோவே கதி.